கண்மட்டத்துக்கு மேல்

வாடகை பாக்கியோடு ஊரைக் காலி செய்த உர்போ
என்னிடம் விட்டுப்போனது மூன்று:
ஒற்றை ஸ்கீ,
அரை டப்பா காபித்தூள்,
ஏமன் தேசத்துப் பச்சோந்தி.
"ஒரு வாரம்தான்" என்றான்.
அப்போது அக்டோபர். ஔலு நகரத்தில்
பகல் தன் கடையைக் கட்டத் தொடங்கும் மாதம்.

பன்னிரண்டாம் எண் பேருந்து ஓட்டுகிறேன் நான்.
திரும்பி வந்தால் வீட்டில் ஓர் உயிர் இருக்கும்
என்ற நினைப்பே முதல் நாள் கணப்பாக இருந்தது.
சோபாவுக்குப் பக்கத்தில், தரையோடு வைத்தேன் கூண்டை,
குனிந்து பேச வசதியாக.
கையில் எடுத்தேன். தோளில் ஏற்றினேன்.
விருந்தாளியை வற்புறுத்துவதுபோல்
வாய்க்கு நேரே வெட்டுக்கிளி நீட்டினேன்.

அது கறுத்தது.
கரிக் கறுப்பு இல்லை,
மழையில் ஊறிய மரப்பட்டையின் கறுப்பு.
வாயைப் பிளந்து சீறியது
அடுப்பிலிருந்து இறக்கிய கெட்டிலின் கடைசி மூச்சுபோல்.
ஒரு கண் என்மேல்.
மறு கண் வாசல்மேல்.

கட்சி மாறுகிறவனைப் பச்சோந்தி என்று வைகிறார்கள்.
பாவம், இதற்கு ஒளிக்கவே தெரியவில்லை.
பிடிக்கவில்லை என்பதைத் தோல் முழுக்க
எழுதிவைத்துக்கொண்டு நிற்கிறது.
என் கணவர் இருபத்திரண்டு வருஷம்
ஒரே நிறத்தில் இருந்தார்.

ஆறு நாள் இரை தொடவில்லை.
கிண்ணத்துத் தண்ணீர் தூசு படிந்து கிடந்தது.
ஏழாம் நாள் பூட்ஸ் கழற்றத் தரையில் உட்கார்ந்தவள்
அது பார்க்கும் பக்கம் பார்த்தேன்.

எதிரே துணியலமாரியின் ஆளுயரக் கண்ணாடி.
அதற்குள் இன்னொரு பச்சோந்தி
கறுத்து, வாய் பிளந்து,
ஆறு நாளாக இடத்தை விட்டுக்கொடுக்காமல்
இதையே முறைத்துக்கொண்டிருந்தது.
அதற்கும் பின்னால் ஒரு பெரிய முகம்
அன்பாகக் குனிந்திருந்தது.
என் முகம்.

கண்ணாடிமேல் கம்பளியைப் போட்டு மூடினேன்.
கூண்டை அலமாரி உச்சிக்கு ஏற்றினேன்,
என் தலைக்கும் மேலே.
மணி பிளான்ட் கொடிகள், ஒரு செம்பருத்தித் தொட்டி,
ஏறிக் காய ஒரு கிளை, அதற்கு நேரே விளக்கு.
தயிர் டப்பாவின் அடியில் ஊசியால் துளையிட்டேன்:
சொட்டு, இலை, சொட்டு.
தண்ணீர் என்றால் அதற்குக் கிண்ணம் இல்லை,
இலைநுனியில் தொங்கிக்கொண்டு மினுங்குவது.
பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு
வானொலிகூடப் போடாமல்
உருளைக்கிழங்கு உரித்தேன்.

மறுநாள் வெட்டுக்கிளி மூன்று குறைந்திருந்தது.

என் பேருந்தில் நாற்பத்தைந்து இருக்கை.
பதினோரு பேர் ஏறினால்
பதினோரு சன்னல் நிறையும்;
யாரும் யார் பக்கத்திலும் உட்கார மாட்டார்கள்.
பின்பார்வைக் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து
ஐயோ பாவம் என்று
ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.
பின் இதைப் பார்த்து மட்டும் ஏன் தோன்றியது?

செம்பருத்தி அடர்ந்தது. கொடி சுற்றி ஏறியது.
இப்போது அதை நான் பார்ப்பதே அபூர்வம்.
மின்கட்டணம் கட்டுகிறேன்,
தபாலில் வெட்டுக்கிளி வரவழைக்கிறேன்,
கடித்த இலையும் கூண்டுத் தரையில் வெள்ளை எச்சமும் கண்டு
மனம் நிறைகிறேன்.

கிறிஸ்துமஸுக்குக் கெமியிலிருந்து வந்த தங்கை தெல்லெர்வோ
கோட்டைக் கழற்றாமலே கேட்டாள்:
"எங்கே அது?"
"மேலே."
"ஒன்றும் தெரியவில்லையே."
"நன்றாக இருக்கிறது."
என்னையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.
ஒரு கண்ணால் ஒன்றைப் பார்க்க
அவளுக்கு வராது.

ஏழு மணிக்கு 'டிக்'கென்று விளக்கு தானாக அணைந்தது.
வெளியே இரண்டு மணிக்கே இருட்டிவிட்டது.

அவள் உறங்கிய பிறகு
தயிர் டப்பாவை நிரப்ப ஸ்டூலில் ஏறினேன்.
இலைகளுக்குள், கைக்கெட்டும் தூரத்தில்,
வெள்ளரிக்காயின் உட்பக்கம்போல் வெளுத்து,
வாலைச் சுருட்டி, இரண்டு கண்ணும் மூடி.

யாருக்காகவும் பூசிக்கொள்ளாத நிறம்.

மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினேன்.
ஸ்டூல்தான் கிறீச்சிட்டது.